லண்டன் ஆஸ்பத்திரிக்கு மாடல்... தாம்பரம் ரோட்டுக்கு தகரத் தடுப்பா?



கொஞ்சம் நீளமான பதிவு. டெக்னிக்கல் சமாச்சாரம்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க. இது உங்க தெருவுல தோண்டின குழியைப் பற்றியது. அந்தக் குழிக்கு யார் பில் போட்டாங்க, எத்தனை தடவை போட்டாங்க என்பதைப் பற்றியது.

பெருங்குடி, கந்தன்சாவடி, கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கிற ஆபீஸ்கள்ல சிவில் முடிச்ச, மெக்கானிக்கல் முடிச்ச, பாலிடெக்னிக் முடிச்ச நம்ம பிள்ளைங்க உட்கார்ந்து ஒரு வேலை பார்க்குறாங்க. இங்கிலாந்துல கட்டப்போற ஆஸ்பத்திரி, ஆஸ்திரேலியாவுல கட்டப்போற ரயில் நிலையம், அமெரிக்காவுல கட்டப்போற பள்ளிக்கூடம்... இதையெல்லாம் இங்க கம்ப்யூட்டருக்குள்ள முழுசா கட்டிப் பார்க்குறாங்க. ஆக்சிஜன் குழாய் எந்த வழியா போகணும், ஏசி டக்ட் எந்த பீமுல போய் இடிக்குது, கழிவுநீர் பைப்புக்கு சரிவு போதுமா, எத்தனை டன் கம்பி வேணும்... எல்லாம் ஒரு செங்கல் வைக்கிறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. இதுக்குப் பேர் பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங். சுருக்கமா ‘பிம்’.

அந்தப் பையன் வேலை முடிச்சு ராத்திரி வண்டியை எடுத்து வெளியே வர்றான். ஆபீஸ் வாசல்ல ரோடு தோண்டிக் கிடக்கு. எதுக்குத் தோண்டினாங்க, கீழே என்னென்ன பைப் போகுது, எப்ப மூடுவாங்க... யாருக்கும் தெரியாது. லண்டன்ல கட்டப்போற ஆஸ்பத்திரியோட மூணாவது மாடி பாத்ரூம் பைப் எங்க திரும்புதுன்னு பெருங்குடியில உட்கார்ந்து சொல்ல முடியுது. பெருங்குடி ரோட்டுக்கு அஞ்சடி கீழே என்ன இருக்குன்னு சொல்ல ஆளில்லை.

இது திறமைப் பஞ்சமா? இல்லை தோழர்களே. திறமை நம்மகிட்ட இருக்கு, அதை நாம ஏற்றுமதி பண்றோம். பஞ்சம் வேற இடத்துல இருக்கு.

முதல்ல இந்த ‘பிம்’ என்னன்னு தெளிவாப் பார்த்துடுவோம். சிலர் இதை முப்பரிமாணப் படம்னு நினைக்கிறாங்க. அமைச்சர் திறப்பு விழாவுல பெரிய திரையில சுத்திச் சுத்திக் காட்டுவாங்களே, கண்ணாடிக் கட்டடம், முன்னாடி பச்சைப் புல்வெளி, நடந்து போற வெள்ளைக்காரங்க... அது வெறும் அனிமேஷன். ‘பிம்’ மாடல்ல ஒரு தூணைத் தொட்டா, அது என்ன தரக் கான்கிரீட், எத்தனை கம்பி, எந்த விட்டம், எவ்வளவு கன மீட்டர், எந்த வாரம் போடணும், என்ன விலை... எல்லாம் அதுக்குள்ளேயே பதிஞ்சிருக்கும். தூணை ஓரடி நகர்த்தினா அளவும் மாறும், எஸ்டிமேட்டும் மாறும். அதைவிட முக்கியம், யார் நகர்த்தினது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு என்பதும் பதிவாகிவிடும்.

கடைசி வரியை இன்னொரு தடவை படிங்க. யார் மாத்தினாங்க, எப்ப மாத்தினாங்க. இங்கதான் பலருக்கு வயித்தைக் கலக்குது.

நம்ம ஊர்ல ஒரு அரசுக் கட்டடம் எப்படி எழும்புதுன்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். எஸ்டிமேட் போடுவாங்க. 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதி உள்ளவர்கள்ல குறைஞ்ச விலை கேட்டவருக்கு வேலை போகும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா குறைஞ்ச விலைக்கு எடுத்தவர் எங்க சம்பாதிக்கிறார்? ‘எக்ஸ்ட்ரா ஐட்டம்’ல. தோண்டினோம், பாறை வந்துச்சு சார். தோண்டினோம், பழைய குடிநீர் மெயின் குறுக்கே வந்துச்சு சார். டிராயிங்ல இருந்த பீம் சைட்டுல ஒத்து வரலை சார். ஒவ்வொரு ‘சார்’க்கும் ஒரு தொகை. மாறுன அளவு எம்-புக்ல ஏறும். எம்-புக்ல ஏறினது பில்லா மாறும். எல்லா கான்ட்ராக்டரும் அப்படின்னு சொல்லலை. நேர்மையா வேலை பார்க்கிற ஜே.இ.க்களையும் எனக்குத் தெரியும், அவங்கதான் அதிகமா டிரான்ஸ்ஃபர் ஆகுறாங்க. நான் சொல்றது, தெரியாமை என்பதே இங்க ஒரு வருமானமா இருக்கு என்பது. மண்ணுக்குக் கீழே என்ன இருக்குன்னு தெரியாம இருக்கிறவரைக்கும்தான் அந்த வருமானம்.

மாடல்ல மோதினா திரையில சிவப்பாக் காட்டும், சரி பண்ண பத்து நிமிஷம். ரோட்டுல மோதினா ஜேசிபி வாடகை, உடைஞ்ச பைப், மூணு நாள் தண்ணி இல்லை, அப்புறம் உங்க வரிப்பணம். இது ஏதோ நம்ம கற்பனை இல்லை. ஒருங்கிணைப்பு இல்லாம தோண்டுறதால வருஷத்துக்கு சுமார் 3,000 கோடி ரூபாய் நஷ்டம்னு ஒன்றிய அரசே கணக்குச் சொன்னது. அதுக்காக 2023 மார்ச் 22-ஆம் தேதி பிரதமர் ‘கால் பிஃபோர் யூ டிக்’ என்ற செயலியைத் தொடங்கி வச்சார். தோண்டுறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்கன்னு அர்த்தம். அதுக்கு முன்னாடி 2021 அக்டோபர்ல ‘கதி சக்தி’ன்னு ஒரு தேசியத் திட்டம், எல்லாத் துறையும் ஒரே வரைபடத்துல வரும்னு சொன்னாங்க. நல்லது. ஆனா, தாம்பரத்துல உங்க தெருவுல ஜேசிபியை நிறுத்தி, ‘செயலியில கேட்டீங்களா தம்பி’ன்னு ஆபரேட்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. சிரிச்சுட்டுத் தோண்டுவார். அவர் மேல தப்பு இல்லை, அவர்கிட்ட யாரும் எந்த வரைபடமும் கொடுக்கலை.

நம்ம தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பர் 3-ஆம் தேதி உருவாச்சு. தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர், பம்மல், செம்பாக்கம் என அஞ்சு நகராட்சி. மாடம்பாக்கம், சிட்லப்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என அஞ்சு பேரூராட்சி. பத்து உள்ளாட்சி சேர்ந்து 70 வார்டு. அந்தப் பத்து ஆபீஸ்லயும் பத்து விதமான பீரோ. பத்து பீரோவுலயும் பழுப்பேறின டிராயிங். எந்தத் தெருவுல எந்த வருஷம் என்ன பைப் போட்டாங்க என்பது பல இடத்துல காகிதத்துல இல்லை, ஓய்வு பெற்ற ஃபிட்டர் அண்ணன் மண்டையில இருக்கு. அவர் சொந்த ஊருக்குப் போயிட்டா அந்தத் தெருவோட வரலாறும் போச்சு. மாநகராட்சின்னு போர்டை மாத்தினாங்களே, அன்னைக்கே செஞ்சிருக்க வேண்டிய முதல் வேலை இந்த மண்ணுக்கடி கணக்கை எடுக்கிறதுதான். செஞ்சிருந்தா பாதாளச் சாக்கடைக்கு ஒரு தடவை, மழைநீர் வடிகாலுக்கு ஒரு தடவை, குடிநீருக்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவைன்னு ஒரே தெருவை நாலு தடவை கிழிச்சிருக்க வேண்டாம்.

மழைநீர் வடிகாலை எடுத்துக்கோங்க. முடிச்சூர், வரதராஜபுரம் மக்களுக்கு 2015 டிசம்பரைச் சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்பவும் தென்சென்னைப் புறநகர் முழுக்கத் தண்ணியில நின்னுச்சு. வடிகால் என்பது முழுக்க முழுக்க மட்டக் கணக்கு. இந்தத் தெருவோட வடிகால் அடிமட்டம், அடுத்த தெருவோட அடிமட்டத்தைவிட ஒரு சாண் உயரமா இருக்கணும், அது போய்ச் சேர்ற ஏரி மதகு அதைவிடக் கீழே இருக்கணும். இதை வார்டு வாரியா, பேக்கேஜ் வாரியா, தனித்தனி கான்ட்ராக்டருக்குத் தனித்தனி டிராயிங்கா பிரிச்சுக் கொடுத்தா என்ன ஆகும்? ஒவ்வொரு துண்டும் தன்னளவுல சரியா இருக்கும். சேர்த்துப் பார்த்தா தண்ணி மேட்டுக்கு ஏறணும். மொத்தத்தையும் ஒரே மாடல்ல போட்டா, எந்த இடத்துல தண்ணி ஏறணும்னு எழுதி வச்சிருக்காங்கன்னு பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷப் பிள்ளைகூட காட்டிடும்.

இப்ப கிளாம்பாக்கத்துக்கு வருவோம். 88 ஏக்கர், ஏறத்தாழ 394 கோடி ரூபாய். 2019-ல அடிக்கல் நாட்டினது ஒரு ஆட்சி. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்து வச்சது இன்னொரு ஆட்சி. ரெண்டு பேரும் போட்டோவுக்கு நின்னாங்க. கட்டடம் நல்லாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா திறந்த அன்னைக்கு அங்க ரயில் நிலையம் இல்லை. ரயில் தண்டவாளம் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு முன்னாடி ஓடுது, அன்னைக்கு ஏறணும்னா வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போக வேண்டியிருந்துச்சு. முனையத்துல இருந்து தண்டவாளத்துக்கு நடைமேம்பாலம், அதுக்கு நிலம், அதுக்கு வழக்கு... எல்லாம் பேருந்து நிலையம் எழும்பினதுக்குப் பிறகு யோசிச்ச விஷயங்கள். திறப்பு தள்ளிப் போனதுக்குச் சொன்ன காரணங்கள்ல முன்பக்க மழைநீர் வடிகாலும் ஒண்ணு. தென் மாவட்டத்துல இருந்து பொங்கலுக்குப் பொங்கல் வந்து போற அம்மாக்கள் மூட்டையும் பேரப்பிள்ளையுமா அந்த ரோட்டைக் கடந்ததை நாம பார்த்தோமே!

இது ‘பிம்’ இல்லாததால மட்டும் வந்ததுன்னு நான் சொன்னா அது பொய். சி.எம்.டி.ஏ., ரயில்வே, நெடுஞ்சாலைத்துறை மூணும் ஒரே மேஜையில உட்காராததால வந்தது. ஆனா ‘பிம்’மோட உயிரே அந்த மேஜைதான். எல்லாத் துறையும் ஒரே மாடல்ல வேலை பார்க்கணும். ஒருத்தர் வடிகால் வரைஞ்சா அது அடுத்தவர் திரையில தெரியணும். நடைமேம்பாலத்துக்குத் தூண் எங்க நிக்கும், அது யாரோட நிலம்னு பேருந்து நிலையத்தோட முதல் டிராயிங்லயே கேள்வி வந்திருக்கும்.

அடுத்து வரப்போறது இதைவிடப் பெருசு. விமான நிலையத்துல இருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோ, 15.46 கிலோமீட்டர். திட்ட அறிக்கைப்படி 13 நிலையம், 9,335 கோடி ரூபாய். அதே ஜி.எஸ்.டி. ரோட்டு மேல மேம்பாலச் சாலையும் சேர்த்து வரணும்னு திட்டம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் மக்களே, உங்க ரோட்டுக்குக் கீழே என்ன இருக்குன்னு தெரியாமலேயே தூணுக்குக் குழி தோண்டப் போறாங்களா? இந்தக் கேள்வியை இப்பவே கேட்கணும். குழி விழுந்த பிறகு கேட்டா பதில் சொல்ல தகரத் தடுப்புதான் இருக்கும்.

‘மெட்ரோவுல பிம் இருக்கே தோழர்’னு சிலர் கேட்பீங்க. ஆமா, இருக்கு. 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய் இரண்டாம் கட்டத் திட்டத்தோட வடிவமைப்பு வேலையில பிம் பயன்படுத்துறாங்க. நாக்பூர் மெட்ரோ நேரத்தையும் செலவையும் மாடலோட கோர்த்து ‘ஐந்து பரிமாண பிம்’னு நமக்கு முன்னாடியே செஞ்சு காட்டினாங்க. நான் கேட்கிறது வேற. ஜப்பானோட ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி மாதிரி வெளியே கடன் வாங்கிக் கட்டுற திட்டத்துல மாடல் இருக்கு. நம்ம வரிப்பணத்துல கட்டுற பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், வடிகால், குடியிருப்பு... இதுல ஏன் இல்லை? கடன் கொடுக்கிறவருக்கு கணக்கு, வரி கட்டுறவனுக்கு கல்வெட்டா?

மெட்ரோவோட மாடலையாவது மேடவாக்கம், மடிப்பாக்கம், துரைப்பாக்கம் மக்கள் பார்க்க முடியுதா? உங்க வீட்டு வாசல்ல தூண் எங்க வருது, வேலை எப்ப முடியும்னு அந்த மாடலுக்குள்ள இருக்கு. நீங்களோ மூணு வருஷமா தகரத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க.

மாடல் இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நான் விற்பனை பண்ண வரலை. அதையும் சொல்லிடுறேன். 2025 ஜூன் 12-ஆம் தேதி ராமாபுரம் பக்கம் மவுண்ட்–பூந்தமல்லி ரோட்டுல மெட்ரோ பாலத்தோட ரெண்டு கர்டர் விழுந்துச்சு. பைக்ல போன ஒருத்தர் செத்துப் போனார். கர்டரைப் பிடிச்சிருந்த தற்காலிகத் தாங்கு சட்டம் நழுவிடுச்சுன்னு காரணம் சொன்னாங்க. கம்ப்யூட்டர்ல இருக்கிற மாடல் கர்டரைப் பிடிச்சு நிறுத்தாது. அதுக்கு ராத்திரி ஷிப்ட்ல முழிச்சிருக்கிற மேற்பார்வையாளர் வேணும், ஒழுங்கான ஓய்வும் கூலியும் கிடைச்ச தொழிலாளி வேணும், ‘நிறுத்து’ன்னு சொல்ற அதிகாரம் உள்ள பாதுகாப்பு அலுவலர் வேணும். மாடலைக் காட்டி ஆளைக் குறைக்கலாம்னு எந்த முதலாளியாவது, எந்தத் துறையாவது நினைச்சா, அதை முதல்ல எதிர்க்கிறது நாமளா இருப்போம்.

சரி, உயிர்ன்னு வந்தாச்சு. மவுலிவாக்கத்தைப் பேசாம இதை முடிக்க முடியாது.

2014 ஜூன் 28. சனிக்கிழமை சாயங்காலம். மழை. போரூர் பக்கம் மவுலிவாக்கத்துல 11 மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்துச்சு. 61 உயிர். பெரும்பாலும் கட்டடத் தொழிலாளிகள். ஆந்திரா, ஒடிசா, நம்ம தென் மாவட்டம்னு கூலிக்கு வந்தவங்க. அது தனியார் கட்டடம்தான். ஆனா அனுமதி கொடுத்தது அரசு அமைப்பு. நீதிபதி ரெகுபதி விசாரணை ஆணையம் வச்சாங்க. பக்கத்துல நின்ன ரெண்டாவது கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வச்சுத் தகர்த்தாங்க. ஊரே நின்னு வேடிக்கை பார்த்துச்சு, டிவியில நேரலை. புகை அடங்குச்சு. இந்தத் தூண் இந்த மண்ணுல இந்தச் சுமையைத் தாங்குமான்னு கணக்குப் போட்டது யார், சரிபார்த்தது யார், கையெழுத்துப் போட்டது யார்... இதைத் தேட ஒரு விசாரணை ஆணையம் தேவைப்பட்டுச்சு. ஒரு மாடலைத் திறந்தா தெரிய வேண்டிய விஷயம் அது.

இங்கிலாந்துல 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டன் கிரென்ஃபெல் குடியிருப்பு எரிஞ்சது, 72 பேர் செத்தாங்க. அதுவும் ஏழைகள் இருந்த அரசுக் குடியிருப்பு. அதுக்கு முன்னாடியே, 2011-ல அறிவிச்சு 2016-ல இருந்து ஒன்றிய அளவிலான அரசுக் கட்டுமானங்களுக்கு அந்த நாடு பிம்மைக் கட்டாயமாக்கியிருந்தது. தீவிபத்துக்குப் பிறகு ஒரு படி மேலே போனாங்க. உயரமான குடியிருப்புகளுக்கு வடிவமைப்புல தொடங்கி பராமரிப்பு வரை அறுபடாத டிஜிட்டல் பதிவு இருக்கணும்னு 2022-ல கட்டடப் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க. அதுக்கு அவங்க வச்ச பேர் ‘பொன் இழை’. எந்தப் பலகை, எந்த கம்பெனி, யார் மாத்தினாங்க என்பது அந்த இழையில கோத்திருக்கணும். சிங்கப்பூர்லயும் 2015-ல இருந்து 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடத்துக்கு மாடலாத்தான் அனுமதிக்கு அனுப்பணும்.

நம்ம பக்கம் பெரும்பாக்கம் இருக்கு, செம்மஞ்சேரி இருக்கு. நகருக்குள்ள கூவம் கரையிலயும் அடையாறு கரையிலயும் இருந்த மக்களைப் பிடுங்கிக் கொண்டுவந்து இங்க நட்டாங்க. பெரும்பாக்கத்துல மாடி மாடியா பிளாக்குகள். லிஃப்ட் நின்னா ஆறாவது மாடியில இருக்கிற மூட்டுவலி பாட்டி ரேஷனுக்கு இறங்க முடியாது. நின்ன லிஃப்டுக்கு யார் பொறுப்பு, எந்த மோட்டார், எந்த வருஷம் மாட்டினது, உத்தரவாதம் எப்ப முடியுது? கேட்டா ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் காட்டும். பிம் மாடல் கட்டி முடிச்சதும் தூக்கிப் போடுற சாமான் இல்லை. அந்தக் கட்டடம் நிற்கிற ஐம்பது வருஷத்துக்கும் அதுதான் அதோட ரெக்கார்டு. லிஃப்ட் மோட்டாரைத் தொட்டா அதோட ஜாதகமே வரணும். பணக்காரன் அபார்ட்மென்டுக்கு அந்த வசதி காசு கொடுத்தா கிடைக்கும். ஏழை குடியிருப்புக்கு அரசாங்கம் போட்டாத்தான் கிடைக்கும். புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்புல 2021 ஆகஸ்ட்ல விரலால சுரண்டினா சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை நாடே பார்த்துச்சு. ஐ.ஐ.டி.யைக் கூப்பிட்டு ஆய்வு பண்ண வேண்டியதாச்சு. சிமென்ட் எவ்வளவு, மணல் எவ்வளவுன்னு மக்கள் குடியேறின பிறகா கண்டுபிடிக்கிறது?

எதிர்ப்பக்கம் என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். ‘சாஃப்ட்வேர் லைசென்ஸ் ரொம்பக் காஸ்ட்லி, சின்ன கான்ட்ராக்டர் செத்துடுவார்’னு சொல்லுவாங்க. இது நியாயமான கவலை, இதை நாம ஒதுக்கக் கூடாது. பிம் கட்டாயம்னு ஒரு வரி ஆணை போட்டா, நாளைக்கே ரெண்டு மூணு பெரிய கம்பெனி மட்டும்தான் டெண்டர் போட முடியும். தாம்பரத்துல நாலு கொத்தனாரையும் பத்து சித்தாளையும் வச்சு வேலை எடுக்கிறவர் வெளியே. அது நடக்கக் கூடாது. அதனாலதான் நாம சொல்றது, மாடலை அரசாங்கமே போடட்டும். பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறை, மாநகராட்சியில இருக்கிற பொறியாளர்களே போடட்டும், இல்லைன்னா தரமணி பாலிடெக்னிக் மாதிரி அரசு நிறுவனங்கள்ல படிக்கிற, படிச்சு முடிச்ச பிள்ளைகளை வச்சுப் போடட்டும். கான்ட்ராக்டர் அதைத் திறந்து பார்த்து வேலை செஞ்சா போதும். திறந்து பார்க்க லைசென்ஸ் தேவையில்லை. ‘ஐ.எஃப்.சி.’ன்னு ஒரு பொது வடிவம் இருக்கு, உலகத் தரநிலை. எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை, இலவச மென்பொருள்லயே திறக்கும். அரசோட மாடல் எல்லாம் அந்த வடிவத்துலயும் இருக்கணும்னு எழுதி வைக்கலைன்னா, நாளைக்கு நம்ம பள்ளிக்கூட டிராயிங்கைத் திறக்க வெளிநாட்டு கம்பெனிக்கு வருஷா வருஷம் கப்பம் கட்டணும்.

‘எங்க இன்ஜினியர்களுக்குப் பயிற்சி இல்லை’ என்பது அடுத்த சாக்கு. பயிற்சி எடுத்தவன் பெருங்குடியில ராத்திரி ஷிப்ட் பார்க்குறான்யா! பொறியாளர் காலிப் பணியிடத்தை நிரப்புங்க, வந்து சேருவான்.

இன்னொண்ணு. 2021 அக்டோபர் 29-ஆம் தேதி ஒன்றிய நிதி அமைச்சகம் கொள்முதல், திட்ட மேலாண்மை பற்றி ஒரு அறிவுறுத்தல் கொடுத்துச்சு. அதுல எம்-புக்கை மின்னணு முறைக்கு மாத்தச் சொல்லியிருக்கு. நல்ல விஷயம். ஆனா மாடல் இல்லாம எம்-புக்கை மட்டும் கம்ப்யூட்டர்ல ஏத்தினா, பழைய பொய்யை டைப் அடிச்ச மாதிரிதான். அளவு எங்கிருந்து வந்துச்சு என்பதுதான் கேள்வி. மாடல்ல இருக்கிற கன மீட்டரும் பில்லுல இருக்கிற கன மீட்டரும் பக்கத்துல பக்கத்துல நிக்கணும்.

ஆகவே நம்ம கோரிக்கை இதுதான். 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட எல்லா அரசுக் கட்டுமானத்துக்கும் டெண்டருக்கு முன்னாடியே பிம் மாடல் தயாராகணும், அதை இணையத்துல மக்கள் பார்வைக்கு வைக்கணும். பாதுகாப்பு காரணம் இருக்கிற இடத்துல அந்தப் பகுதியை மட்டும் மறைச்சுக்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டுல மெட்ரோவுக்கு முதல் குழி விழறதுக்கு முன்னாடி, விமான நிலையத்துல இருந்து கிளாம்பாக்கம் வரை மண்ணுக்குக் கீழே இருக்கிற குழாய், கேபிள், வடிகால் அத்தனையையும் அளந்து ஒரே மாடல்ல போடணும்; மின்வாரியம், குடிநீர், நெடுஞ்சாலை, ரயில்வே, மாநகராட்சி அஞ்சும் அதுல கையெழுத்துப் போடணும். கட்டி முடிச்ச பிறகு, உண்மையில என்ன கட்டினாங்களோ அதை மாடல்ல திருத்திக் கொடுத்தாத்தான் கடைசி பில்லும் டெபாசிட்டும் கிடைக்கணும்.

இதுக்காக அரசாணை வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம் தோழர்களே. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ஐ எடுங்க. அதோட 2-ஆம் பிரிவு, கம்ப்யூட்டர்ல உருவான எதையும் ‘ஆவணம்’னு சொல்லுது. நடக்கிற வேலையை நேர்ல போய்ப் பார்வையிடவும், பொருளோட மாதிரியைச் சான்றோட எடுக்கவும், தகவலை மின்னணு வடிவத்துல வாங்கவும் உங்களுக்கு உரிமைன்னு அதே பிரிவு சொல்லுது. உங்க வார்டுல இப்ப நடக்கிற வடிகால், பள்ளிக் கட்டடம், மேம்பாலம், எதுவா இருந்தாலும் பத்து ரூபாய் கட்டணம் செலுத்தி ஒரு மனு போடுங்க. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: இந்த வேலைக்கு பிம் மாடல் இருக்கா, இருந்தா அதோட மின்னணு நகல்; இல்லைன்னா அங்கீகரிக்கப்பட்ட டிராயிங், வடிகாலா இருந்தா தொடக்கத்துல இருந்து முடிவு வரை அடிமட்ட அளவு; தோண்டுறதுக்கு முன்னாடி எந்தெந்தத் துறைகிட்ட நிலத்தடி விவரம் கேட்டாங்க, அந்தக் கடிதங்களோட நகல்; இதுவரைக்கும் அனுமதிச்ச எக்ஸ்ட்ரா ஐட்டம் பட்டியல், தொகையோட.

முப்பது நாள்ல பதில் வரணும். வரலைன்னா மேல்முறையீடு, அதுக்கும் வரலைன்னா ஆணையம். ஏரியா சபை கூட்டம் நடக்கிறப்ப இதே கேள்வியை எழுத்துல கொடுத்து தீர்மானப் புத்தகத்துல பதிய வைங்க. ‘மாடல் இல்லை’ன்னு பதில் வந்தாலும் அதைப் பத்திரமா வைங்க. ஒவ்வொரு வார்டுல இருந்தும் வர்ற ‘இல்லை’களை சேர்த்துத்தான் மாநகராட்சி வாசலுக்குப் போகப் போறோம். மனுவோட நகலையும் ஒப்புகைச் சீட்டையும் உங்க கிளைச் செயலாளர்கிட்ட கொடுங்க. பல்லாவரம், தாம்பரம், சோழிங்கநல்லூர் பகுதித் தோழர்கள் மாத முதல் ஞாயிறு கூட்டத்துக்கு வர்றப்ப கையோட எடுத்துட்டு வாங்க.

#மாடலைக்_காட்டு
#மண்ணுக்கடியில்_என்ன_இருக்கு